கம்பெனிகளுக்கான ஸ்விஃப்ட்: எல்சி வேலை செய்பவரின் பார்வையில்

மண்டபத்தில் இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டாக்குமென்ட் வேலை என்னுடையது. வங்கிக் கிளை வழியாக வந்துகொண்டிருந்த எல்சியை, அதாவது சரியான ஆவணம் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தை, வங்கிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையில் நேரடியாக எங்கள் கம்ப்யூட்டருக்கே வரவைத்திருக்கிறோம். இந்த வேலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1973-ல் பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் தொடங்கியது வங்கிகளுக்காகத்தான். இன்று ஸ்கோர் என்ற ஏற்பாட்டில் சேர்ந்தால் கம்பெனியும் தன் வங்கிகளோடு அதே வலையில் பேசலாம். வாங்குபவரோடு நேரடியாகப் பேச முடியாது. கம்பெனிக்கும் வங்கிக்கும் இடையே மட்டும்தான். வங்கிகளுக்குள் எம்டி700 என்ற செய்தி வடிவில் போகும் எல்சி, நமக்கு எம்டி798 என்ற உறைச் செய்திக்குள் வந்து சேரும்.

எனக்குப் பெரிய நிம்மதி எல்சி செய்தியில் உள்ள 44சி கட்டம்தான். ஷிப்மென்ட்டின் கடைசி தேதி அதில் இருக்கும். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. தேதி அதற்குள் விழுந்தால் சரக்குக்கு எங்கே போவது? உடனே திருத்தம் கேட்டாக வேண்டும். முன்பு ஒரு வங்கிக் கிளையில் எங்கள் திருத்தச் செய்தி, அதாவது எம்டி707, மேசையிலேயே கிடந்தது. சரக்கு கோல்டு ஸ்டோரேஜில், கன்டெய்னர் புக்கிங் கைவிட்டுப் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது 700-ம் 707-ம் கட்டம் கட்டமாக நேரே வருவதால், மங்கலான ஸ்கேனைப் பார்த்துத் திரும்ப டைப் செய்யும் வேலையே இல்லை.

அடுத்து நான் பார்ப்பது 43டி, வழியில் கப்பல் மாறலாமா (டிரான்ஷிப்மென்ட்) என்று சொல்லும் கட்டம். தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர் பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். 'டிரான்ஷிப்மென்ட் கூடாது' என்று இருந்தாலும் கன்டெய்னர் சரக்குக்கு, எல்சிக்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600 இடம் கொடுக்கிறது. ஆனால் கூடுதல் நிபந்தனைகள் எழுதும் 47ஏ கட்டத்தில் அந்த விதியையே விலக்கி எழுதிவிட்டால் மாட்டிக்கொள்வோம். எல்சி வந்த அன்றே இது கண்ணில் பட்டால்தான் சரிசெய்ய நேரம் இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குபவர் பெயரில் போலி மெயில் போட்டுக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லும் மோசடி நம் தொழிலில் சகஜமாகிவிட்டது. இந்த வழியில் வரும் செய்தி எந்த வங்கியிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம். மெயிலில் வரும் எல்சி நகலை நம்பி நான் இனி சரக்கு ஏற்ற மாட்டேன்.

குறைகள் உண்டு. செய்தி நொடியில் வந்தாலும், சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங் இன்னும் தாளில், கூரியரில்தான் போகிறது. ஆவணத்தைப் பார்த்துச் சொல்ல வங்கிக்கு 5 வேலை நாள் அவகாசம், அதுவும் குறையவில்லை. செலவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே வங்கி, எப்போதாவது ஒரு எல்சி என்றால் அந்த வங்கியின் இணையதளமே போதும். எங்களைப் போல பல வங்கிகளோடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது.

அப்புறம், இந்த வசதிக்குப் பணம் கட்டும் முன் வங்கியிடம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: எல்சிக்கும் 798 அனுப்புவார்களா, இல்லை பணப் பரிமாற்றச் செய்திகளோடு நிறுத்திக்கொள்வார்களா? அனுப்புவதாக இருந்தால், திருத்தமும் அதிலேயே வருமா?