போக மறுக்கும் மென்பொருள்களும் ரெவோ அன்இன்ஸ்டோலரும்: நெடுநாள் பாவனை அனுபவம்

கல்முனையில் தட்டச்சு, போட்டோக்கொப்பி, சில்லறைக் கணினித் திருத்தம் என்று நடந்துவரும் எங்கள் கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை 4 ஜிபி நினைவகமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட பழையவை. கொண்டு வருகிறவர்கள் “சரியான ஸ்லோ, விண்டோஸ் அடிச்சித் தாங்க” என்றுதான் கேட்பார்கள். திறந்து பார்த்தால் தவணை முடிந்த வைரஸ் கார்ட் (வைரஸ் தடுப்பு மென்பொருள்) ஒன்றுக்கு இரண்டாக ஓடிக்கொண்டிருக்கும். எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் டிரைவரும், பிடிஎப் மாற்றியோடு ஒட்டிவந்த டூல்பாரும் கிடக்கும். இவற்றை ஒழுங்காக வெளியேற்றினாலே கணினிக்குப் பாதி உயிர் வந்துவிடும் என்பதால், விண்டோஸ் அடிப்பதற்கு, அதாவது புதிதாக நிறுவுவதற்கு, முன் அந்த வேலையைச் செய்து பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அதற்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுத்துவருவது மென்பொருள்களை நீக்கித்தரும் ரெவோ அன்இன்ஸ்டோலரின் இலவசப் பதிப்பு. அது நல்ல கருவி; ஆனால் எல்லாப் பிடிவாதத்துக்கும் மருந்தல்ல.

ஒரு மென்பொருள் ஏன் போக மறுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எந்தக் கருவியை எடுப்பது என்று தெரியும். கண்ட்ரோல் பேனலில் நாம் பார்க்கும் பட்டியல், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு மென்பொருளும் எழுதிவைத்த சிறு குறிப்புகளின் தொகுப்பே ஆகும். அந்தக் குறிப்பில் முக்கியமாக இருப்பது, நீக்கும் வேலையைச் செய்கிற பைல் எங்கே இருக்கிறது என்ற முகவரி. யாராவது புரோகிராம் பைல்ஸுக்குள் போய் அந்த போல்டரைக் கையால் அழித்துவிட்டால், முகவரி இருக்கும், வீடு இருக்காது. பட்டியலில் பெயர் மட்டும் நின்றுகொண்டு, அழுத்தும்போதெல்லாம் பிழைச் செய்தி காட்டும். இது ஒரு வகை. பின்னணியில் சேர்விஸாக ஓடிக்கொண்டிருப்பதால் பைல்கள் பூட்டப்பட்டிருப்பது இன்னொரு வகை. தன்னை எவரும் தொடக்கூடாது என்று காவல் போட்டிருக்கும் வைரஸ் கார்ட்கள் தனிச் சாதி.

முதலிரண்டு வகைகளில் ரெவோ நன்றாக வேலை செய்கிறது. அது எதையும் நேரடியாகப் பிய்த்தெறிவதில்லை. முதலில், ஏதும் பிழைத்தால் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் மீள்நிலைப் புள்ளி ஒன்றை உருவாக்கி, அந்த மென்பொருளின் சொந்த நீக்கியை ஓடவிட்டு, அது முடிந்தபின் எஞ்சியவற்றைத் தேடுகிறது. தேடலுக்கு சேஃப், மொடரேட், அட்வான்ஸ்ட் என மூன்று நிலைகள் உண்டு. நான் மொடரேட்டைத் தாண்டுவது அரிது. அட்வான்ஸ்ட் நிலை வலையை அகலமாக வீசுவதால், ஒரே நிறுவனத்தின் வேறு மென்பொருளுக்கும் தேவையான குறிப்புகள் சிலவேளை பட்டியலில் வந்து நிற்கின்றன. தடித்த எழுத்தில் காட்டப்படுபவைதான் அழிக்கப்படுபவை என்பதை அறியாதவர்கள் எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழுத்திவிடுவார்கள். இன்னொரு கவனமும் வேண்டும்: விண்டோஸ் 10 இல் மீள்நிலைப் புள்ளிகளைக் கவனிக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷன் பல கணினிகளில் தொடக்கத்திலிருந்தே அணைத்தே இருக்கும். அந்த நிலையில் மீள்நிலைப் புள்ளி உருவாகாது. ஆகவே ரெவோவைத் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்து, அணைந்திருந்தால் சி டிரைவுக்கு இயக்கிக்கொள்ள வேண்டும். மென்பொருளின் சொந்த நீக்கி முடிந்ததும் “இப்போதே ரீஸ்டார்ட் செய்யவா” என்று கேட்கும். அதற்கு வேண்டாம் என்று சொல்லி, ரெவோவின் தேடலை முடித்த பிறகே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தேடும் கட்டம் நடுவில் அறுந்துபோகும். இடையில் கரண்ட் போய்விட்டாலும் இதே கதிதான் என்பதால், பற்றரி செத்த மடிக்கணினிகளை யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலைக்கு உட்படுத்துவதில்லை.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி சந்திக்கும் பிடிவாதக்காரர், பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள். பாமினி விசைப்பலகைக்குப் பழகியவர்கள், யூனிகோட் தட்டச்சுக்காக ஒன்று, அலுவலகக் கடிதத்துக்காக ஒன்று, யாரோ பென் டிரைவில் தந்தது ஒன்று என அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரே விசையை இரண்டு மென்பொருள்கள் பறிக்க, வேர்டில் எழுத்துகள் இரட்டிப்பாக விழும். இவ்வகை மென்பொருள்களில் சில, நாம் எழுதும் ஒவ்வொரு செயலிக்குள்ளும் தம் டிஎல்எல் பைலை (செயலிகள் பகிர்ந்து பயன்படுத்தும் துணை நிரல்) ஏற்றிவிடுகின்றன. வேர்டும் பிரவுசரும் திறந்திருக்கும்வரை அந்த பைலை விண்டோஸ் அழிக்க விடாது. ரெவோவில் ஓடவிட்டால், ரெஜிஸ்ட்ரிக் குறிப்புகள் உடனே போய்விடும். எஞ்சிய பைல்களின் பட்டியலில் அந்த ஒரு டிஎல்எல் மட்டும் அழியாமல் நின்று, அடுத்த ரீஸ்டார்ட்டின்போது நீக்கப்படும் என்ற அறிவிப்பு வரும். பயப்பட ஒன்றுமில்லை, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். அதன் பிறகும் டாஸ்க் பாரின் மூலையில் அந்த விசைப்பலகையின் பெயர் தெரிந்தால் அது ரெவோவின் குறை அல்ல. விண்டோஸின் மொழி அமைப்புக்குள் போய், தமிழின் கீழ் உள்ள விசைப்பலகைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும்.

ரெவோவின் ஹன்டர் மோட் பலருக்குத் தெரியாத ஒரு வசதி. திரையில் மிதக்கும் குறிவட்டம் ஒன்றை இழுத்து, பெயர் தெரியாமல் தொல்லை தரும் ஜன்னலின் மேல் போட்டால், அது எந்த மென்பொருளுடையது என்று கண்டுபிடித்து, அங்கிருந்தே நீக்கவும் வழி தருகிறது. பட்டியலில் வேறு பெயரில் ஒளிந்திருக்கும் விளம்பர மென்பொருள்களை இதைக் கொண்டே பிடிக்கிறேன்.

ஆனால் தொல்லை எல்லாமே மென்பொருளாக இருக்க வேண்டியதில்லை. காரைதீவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வலது பக்க மூலையில் விடாமல் எழும் வைரஸ் எச்சரிக்கையைக் காட்டி, “நானும் எத்தின தரம் அழிச்சிப் பாத்திட்டன் மனே, இது போகுதில்ல” என்றார். அந்த எச்சரிக்கைப் பெட்டியின் சிறிய எழுத்தில் குரோம் என்ற பெயரும் ஏதோவோர் இணையத்தள முகவரியும் இருந்தன. அதாவது எங்கோ ஒரு பக்கத்தில் “அலவ்” என்பதை அழுத்தியதால் கிடைத்த அறிவித்தல் அனுமதி அது. அதை எந்த அன்இன்ஸ்டோலரும் கண்டுபிடிக்காது. குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்த முகவரியை நீக்கினால் முடிந்தது. இப்படி வரும் கணினிகள் இப்போது மிகவும் கூடிவிட்டன.

வைரஸ் கார்ட் விடயத்தில் ரெவோவோடு மல்லுக்கட்டுவது வீண். அவாஸ்ட், கஸ்பர்ஸ்கி, மெக்கஃபி போன்றவை தங்களை முழுதாக நீக்குவதற்கென்றே தனிக் கருவிகளை இலவசமாகத் தருகின்றன. அவற்றையே அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். அவாஸ்டின் கருவி, விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் ஓட்டும்படியே சொல்கிறது. இதைக் கேட்டு, எதற்கெடுத்தாலும் சேஃப் மோடுக்குப் போ என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டோலர் சேர்விஸ் இயல்பாக ஓடாது என்பதால், அந்தச் சேர்விஸின் மூலம், எம்எஸ்ஐ வகையில் நிறுவப்பட்ட மென்பொருள்களை அங்கே வழமையான முறையில் நீக்க முடியாது.

அந்த எம்எஸ்ஐ வகைக்கு வேறொரு நோயும் உண்டு. விண்டோஸ் போல்டருக்குள் இன்ஸ்டோலர் என்ற மறைந்த போல்டர் ஒன்று இருக்கிறது. நீக்குவதற்கும் திருத்துவதற்கும் தேவையான பைல்கள் அங்கேதான் சேமிக்கப்படுகின்றன. ஒலுவிலில் படிக்கும் மாணவர் ஒருவரின் கணினியில், இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று யாரோ அதைத் துடைத்துவிட்டிருந்தார்கள். அதன்பின் எந்த மென்பொருளை நீக்கப் போனாலும் மூல பைலைக் கொண்டுவா என்று கேட்டு நின்றுவிடுகிறது. இதற்கு மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும், நிறுவல் மற்றும் நீக்கல் சிக்கல்களைத் தீர்க்கும் சிறு கருவி ரெவோவை விடச் சிறந்தது. பழுதான குறிப்பை அது தானே களைந்துவிடுகிறது.

ரெவோவின் போட்டியாளர்களில் பல்க் கிராப் அன்இன்ஸ்டோலரை மதிக்கிறேன். அது திறந்த மூல மென்பொருள். பெயரின் நடுவில் நிற்கும், ஆங்கிலத்தில் கழிவைக் குறிக்கும் சொல் ஆசிரியைகளுக்கு முன்னால் உச்சரிக்கத் தயக்கம் தரும் என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. பட்டியலில் பதிவில்லாத அநாதை மென்பொருள்களையும் அது தேடிப்பிடிக்கிறது. பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விட்டு நீக்குகிறது. எஞ்சியவை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நம்பி அழிக்கலாம் என்ற தரக்குறிப்பையும் காட்டுகிறது. புதிதாக வாங்கிய கணினியில் கடைக்காரர் நிரப்பித் தந்தவற்றைக் கூட்டமாக வெளியேற்ற இதுவே வசதி. பழகாதவர் கையில் கொடுக்க மட்டும் மாட்டேன். அவ்வளவு விபரம் ஒரே திரையில் கொட்டிக் கிடக்கும்.

ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்து வேகம் கூட்டித் தருவோம் என்று சொல்லும் மென்பொருள்களை எங்கள் கடையில் ஏற்றுவதில்லை. அவ்வகைக் கருவிகளைப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை என்பது மைக்ரோசொப்டின் வெளிப்படையான நிலைப்பாடு. 2017 இல் அவ்வகைக் கருவியான சீகிளீனரின் 5.33 பதிப்பு, தீங்குநிரல் புகுத்தப்பட்ட நிலையில் உத்தியோகபூர்வமாகவே விநியோகிக்கப்பட்டதையும் மறக்க முடியாது. நீக்க வேண்டிய ஒரு மென்பொருளின் எச்சத்தை மட்டும் அழிப்பது வேறு, ரெஜிஸ்ட்ரி முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு துடைப்பது வேறு.

ரெவோவின் காசு கொடுத்து வாங்கும் பதிப்பு தேவையா என்று பலர் கேட்கிறார்கள். நிறுவும்போதே என்னென்ன மாறுகிறது என்று கண்காணித்துப் பதிந்துவைக்கும் வசதியும், பட்டியலிலேயே இல்லாத மென்பொருளின் எச்சங்களைப் பெயரால் தேடி வலிந்து நீக்கும் வசதியும் அதில் உண்டு. பல மென்பொருள்களை வாங்கி வாங்கிப் பரிசோதிக்கிறவர்களுக்கு முதலாவது பயன்படும். வீட்டுப் பாவனைக்கு இலவசப் பதிப்பே தாராளம். சொந்த நீக்கி தொலைந்து பட்டியலில் பெயர் மட்டும் நிற்பவற்றில் ரெவோவுக்கும் மசியாதவற்றுக்கு, நிறுவத் தேவையில்லாத ஒற்றை பைலாக வரும் கீக் அன்இன்ஸ்டோலரில் வலிந்து நீக்கும் தெரிவு இலவசமாகவே இருப்பதால், கடைப் பென் டிரைவில் ரெவோவுக்குப் பக்கத்தில் அதையும் போட்டு வைத்திருக்கிறேன்.