ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார்: யார் வாங்கலாம்?

வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-ஐ விட்டு இறங்காததால், மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்ளும் என் தந்தைக்கு மருத்துவரின் யோசனைப்படி உடலில் ஒட்டியபடி சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும், அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரைப் பொருத்தினோம். சர்க்கரை எப்போது, எதனால் ஏறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவியை நான் பார்த்ததில்லை. ஆயினும் மாதாமாதம் எல்லாரும் வாங்க வேண்டிய பொருள் இது என்று சொல்ல மாட்டேன்.

நாணயத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளை வட்டு இது. மேல்கையின் பின்புறத்தில் வைத்து அழுத்தினால், ஊசி வெளியே வந்துவிட, மெல்லிய இழை மட்டும் தோலுக்கடியில் நிற்கிறது. வலி எறும்புக்கடி அளவுதான். ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி 14 நாட்கள் இயங்கும். குளிக்கத் தடையில்லை. நாங்கள் வாங்கிய வகையில், அளவைப் படித்துக் காட்டும் ரீடர் என்னும் கைக்கருவியை அருகில் காட்டினால்தான் அளவு தெரியும். எட்டு மணி நேரத் தரவு மட்டுமே உள்ளே நிற்பதால், படுக்கும் முன்பும் எழுந்தவுடனும் காட்டத் தவறக் கூடாது.

சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும் கேழ்வரகுக் கஞ்சிதான் வரைபடத்தில் மிக உயரமான மேடு. குடித்த ஒரு மணி நேரத்துக்குள் அளவு 230-ஐத் தொட்டது. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை சேர்த்த அடையாக்கி, சுண்டலோடு உண்டபோது 180-ஐத் தாண்டவில்லை. நைசாக அரைத்துக் கரைத்த மாவு விரைவில் செரித்துவிடுகிறது; நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்தால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. இரவு உணவுக்குப் பின் தெருவில் சிறிது நேரம் நடந்த நாட்களில் கோடு தாழ்ந்தே கிடந்ததையும் தந்தை தம் கண்ணால் பார்த்தார். எத்தனையோ முறை வீட்டில் சொல்லியும் ஏறாதது அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவர் மனத்தில் பதிந்தது.

இவ்வகைக் கருவிகள் அளப்பது இரத்தத்தை அல்ல, செல்களுக்கிடையே உள்ள திரவத்தை. ஆகையால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் அளவு பொய்யாகக் குறைந்தும் தெரியலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு போன்ற தாழ்சர்க்கரை அறிகுறிகள் வந்து, ரீடர் இயல்பான அளவைக் காட்டினாலும், விரலில் குத்திப் பார்ப்பதே பாதுகாப்பானது. எனவே பழைய குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

சென்சார் ஒன்று ஐயாயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கும், ஒரு நாளில் பலமுறை இன்சுலின் போடுபவர்களுக்கும், அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் வசதியிருந்தால் தொடர்ந்து அணிவது தகும். மாத்திரையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை, மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் அணிந்தாலே போதும் என்பது என் கருத்து. அணியும் நாட்களில் புதிதாகப் பத்தியம் தொடங்காமல் வழக்கமான உணவையே உண்டு, வேளையையும் அளவையும் ஒரு தாளில் குறித்து, சென்சாரின் அறிக்கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குறிப்பில்லாமல் எந்த மேட்டுக்கு எந்த உணவு காரணம் என்று மருத்துவராலும் சொல்ல முடியாது.