மோதிரத்தை எங்கே எறிகிறாள்?

கார்மென் என்றதும் பலருக்கும் 'ஹபனேரா' பாட்டும் காளைச்சண்டை வீரனும்தான் நினைவுக்கு வரும். அது 1875-இல் பாரிஸில் அரங்கேறிய, பிஸே இசையமைத்த ஓபரா, அதாவது இசை நாடகம். அதற்கு முப்பது வருடம் முன்பே பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமே எழுதிய குறுநாவலில் இருப்பவள் கிட்டத்தட்ட வேறு ஆள்.

நாவலில் அவள் திருடி. கதைசொல்லியின் கைக்கடிகாரம் தொலைவதே அவளைப் பார்க்கப் போனதால்தான். ஒற்றைக்கண் கார்சியா என்று ஒரு கணவனும் உண்டு, அவனையும், கடைசியில் அவளையும் கொல்வது அவள் காதலன் ஹோசேதான். இதையெல்லாம் சொல்வது யார்? மரண தண்டனைக்குக் காத்திருக்கும் அதே ஹோசே! பெரும்பாலும் கொன்றவன் வாய்வழியாகவே கொல்லப்பட்டவளைத் தெரிந்துகொள்கிறோம் என்பதால், அவன் சொல்வதில் எவ்வளவு நம்பலாம் என்ற உறுத்தல் கடைசிவரை போகவே போகாது.

ஓபராவுக்கு வந்ததும் கணவனைக் காணோம். குடும்பம் குடும்பமாக வந்து உட்காரும் அரங்கம் அது. அதற்கு ஏற்ற மாதிரி மிக்காயெலா என்ற அடக்கமான பெண்ணைப் புதிதாகச் சேர்த்தார்கள், நாவலில் ஓரமாக வந்துபோகும் லூக்காஸை எஸ்கமில்யோ என்ற காளைச்சண்டை வீரனாக ஊதிப் பெரிதாக்கினார்கள். கார்மெனின் குற்றங்கள் குறைந்தன, ஆனால் ஒன்று கிடைத்தது: சொந்தக் குரல். இனி அவளுக்காக ஹோசே பேச வேண்டியதில்லை, அவளே பாடுகிறாள்.

சாகும் காட்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓபராவில் காளைச்சண்டை அரங்குக்கு வெளியே, உள்ளே கூட்டம் ஆர்ப்பரிக்க, ஹோசே கொடுத்த மோதிரத்தை அவன் கண்முன்னாலேயே வீசி எறிகிறாள். நாவலில் ஆளில்லாத இடம்; மோதிரத்தைக் கழற்றிப் புதருக்குள் எறிகிறாள். குத்திய பிறகு ஹோசே அவள் விரும்பியபடியே காட்டில் கத்தியாலேயே குழி தோண்டுகிறான், அந்த மோதிரத்தை வெகுநேரம் தேடிக் கண்டுபிடித்து, ஒரு சின்னச் சிலுவையோடு அவள் பக்கத்தில் வைக்கிறான். அவள் தூக்கி எறிந்ததைத் தேடிப்பிடித்து அவளோடே புதைக்கிறான் பாருங்கள், அவனை இதைவிட யாரும் காட்டிக்கொடுக்க முடியாது. இசைக்கு ஓபரா, முடிவுக்கு நாவல், இதுதான் என் கட்சி.

அப்புறம் வந்தவை. 1954-இல் வந்த 'கார்மென் ஜோன்ஸ்' படத்தில் அவள் பாராசூட் தொழிற்சாலையில் வேலை செய்யும் கறுப்பினப் பெண், காளைச்சண்டை வீரன் குத்துச்சண்டை வீரன் ஆகிவிட்டான். டோரதி டான்ட்ரிட்ஜ் பிரமாதம். பாடும் குரல்தான் அவருடையது இல்லை, மெரிலின் ஹார்ன் என்ற வெள்ளைக்காரப் பாடகியுடையது. சொந்தக் குரல் கிடைத்தது என்று மேலே சொன்னேனே, அது இங்கே கொஞ்சம் இடிக்கிறது. கேப்டவுன் பக்கத்துக் கயலீட்சாவில் எடுத்து 2005-இல் வெளிவந்த படத்தில் அந்தக் குறை இல்லை. பவுலின் மலஃபானே கோசா மொழியில் தானே பாடி நடிக்கிறார். பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய படம், கிடைத்தால் விடாதீர்கள்.

2018-இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் ஓபராவை மேடையேற்றியபோது முடிவையே மாற்றினார்கள்: கார்மென் ஹோசேயைச் சுடுகிறாள். பெண்ணைக் கொல்வதற்குக் கைதட்டக் கூடாது என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடித் தப்ப வழியிருந்தும், பொய்யாகக்கூட "சரி, வருகிறேன்" என்று சொல்லாமல் நின்றவள் அவள். கையில் துப்பாக்கியைக் கொடுத்ததும் அந்த அடம் போய்விடுகிறது. முதல் நாள் அது வெடிக்காமல் சதி செய்தது தனிக் கதை.