பழைய லாரியில் தண்ணீர் குறைகிறதா? மஞ்சள் தூள், ஈயப் பற்று, புதுக் கோர், அலுமினியம்: ஓர் ஒப்பீடு

ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை என்று நாமக்கல்லில் நான்கு பேரிடம் சொன்னால் நான்கு வழிகள் கிடைக்கும். ஓட்டுநர் மஞ்சள் தூளைக் கொட்டச் சொல்வார். பட்டறைக்காரர் ஈயம் வைத்து அடைத்துவிடலாம் என்பார். பக்கத்து லாரி உரிமையாளர் கோரையே, அதாவது ரேடியேட்டரின் நடுவிலுள்ள குழாய், தகடு அடுக்கையே, மாற்றச் சொல்வார். உதிரிபாகக் கடைக்காரர் அலுமினிய ரேடியேட்டரைக் காட்டுவார். எங்கள் 2004 மாடல் லாரியில் முதல் மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம். நான்காவதை என் மாமாவின் வண்டியில் இரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன்.

ஆனால் இந்த நான்கு பேருமே ஒழுக்கு ரேடியேட்டரில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு பேசுகிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது.

இரவு வண்டியை நிறுத்தியதும் அடியில் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். முன்பக்கம் நனைந்திருந்தால் ரேடியேட்டரோ கீழ் ஹோஸோ காரணம். வண்டி குளிர்ந்த பிறகு மட்டும் சொட்டி, சூடேறியதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும். ஒரு திருப்புளி போதும். ஃபேனுக்குப் பின்னால் ஈரம் என்றால் வாட்டர் பம்பைப் பாருங்கள். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே வைத்த துளை அது. அதைப் பசை வைத்து அடைப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. வெளியே வர வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் போனால் ஃபேனே ஆடி ரேடியேட்டரைக் கிழிக்கும்.

அட்டை காய்ந்திருந்தும் தண்ணீர் குறைகிறதா? கண்ணை நம்பாமல், அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப் பம்பை நம்ப வேண்டிய இடம் இது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் வாயில் பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் காற்றேற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் இறங்கியும் வெளியே எங்கும் சொட்டவில்லை என்றால் நீர் உள்ளுக்குள் போகிறது. மூடியையும் அதே பம்பில் சோதித்துவிடுங்கள். 7 பிஎஸ்ஐ அழுத்த மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் சுமார் 111 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். தொப்பூர் கணவாயில் தருமபுரிப் பக்கம் சுமையோடு ஏறும்போது நாங்கள் பட்ட பாட்டுக்கு ஒருமுறை காரணம் இந்த மூடி மட்டும்தான்.

இன்னொரு முறை ரேடியேட்டர் வாயில் குமிழிகள் பொங்கின. பார்த்த மெக்கானிக், எஞ்சின் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார். ஆயிலில் பால் போன்ற நிறம் இல்லை. புகையும் வெள்ளையாக இல்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. கரியமில வாயு பட்டால் நிறம் மாறும் நீலத் திரவத்தை வாங்கி வந்து, எஞ்சினை நன்கு சூடேற்றி, அந்தக் குமிழிகளை அதன் வழியாக இழுத்துப் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. அப்படியானால் அது எரிந்த வாயு இல்லை, வெறும் காற்று. ஏர் பிரேக் வண்டியில் வெறும் காற்று எங்கிருந்து வரும்? பிரேக்குக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரிலிருந்து. அதன் ஹெட்டையும் இதே தண்ணீர்தான் குளிர்விக்கிறது. காற்றுத் தொட்டி நிரம்பி கம்ப்ரஸர் ஓய்ந்ததும் குமிழிகளும் அடங்கின. கம்ப்ரஸர் கேஸ்கட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. எஞ்சின் ஹெட்டைத் தொடவே இல்லை.

சரி, ஒழுக்கு ரேடியேட்டரில்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

மஞ்சள் தூள் வேலை செய்யும் என்பது உண்மை. தூள் நீரில் ஊறி உப்பி ஊசித் துளையில் சிக்கிக்கொள்கிறது. கடையில் விற்கும் ஒழுக்கடைப்புப் பொடிகளில் பலவும் இதே வழியில்தான் அடைக்கின்றன. ஆனால் எது துளை, எது குழாய் என்று தூளுக்குத் தெரியாது. ஏற்கெனவே உப்புப் படிந்து குறுகிப்போன குழாய்களிலும் அது போய் அடையும். நடுவழியில் நின்ற வண்டியை ஊர் கொண்டு வந்து சேர்க்க மட்டும் இது சரி. வந்த மறுநாளே ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். மஞ்சளோடு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, கழற்றியபோது பாதிக் குழாய்கள் சேறாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஈயப் பற்று செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு மட்டுமே ஆகும். வாய்களை அடைத்துக் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். குமிழி வரும் இடம்தான் துளை. அது ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டி கோரோடு சேரும் விளிம்பில் இருந்தால் தயங்காமல் பற்று வைக்கலாம், பல ஆண்டுகள் தாங்கும். நடுக் குழாயில் இருந்தால் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறி, தகடுகள் தொட்டதும் உதிர்ந்தால் உலோகமே மெலிந்துவிட்டது. இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்துக் குழாய் ஒழுகும். நாங்கள் ஒரே கோரில் மூன்று முறை பற்று வைத்தோம். இரண்டாவது முறையே நிறுத்தியிருக்க வேண்டும்.

புதுக் கோரா அலுமினியமா என்பதில்தான் இன்று வாக்குவாதம் அதிகம். அலுமினியம் எடை குறைவு. வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் மேல் என்றாலும், குழாய்களை அகலமாக வைத்து அலுமினியத்தில் அதை ஈடுகட்டுகிறார்கள். மாமாவின் வண்டி சூடேறுவதே இல்லை. ஆனால் அதன் தொட்டி பிளாஸ்டிக். விளிம்பில் கசிந்தால் சாலையோரப் பட்டறையில் செய்வதற்கு எதுவும் இல்லை. அரிப்பைத் தடுக்கும் கூலன்ட் திரவம் கலக்காமல் வெறும் போர் தண்ணீரை ஊற்றினால் அலுமினியம் விரைவில் அரிக்கும். மாமா தன் வண்டியைத் தானே ஓட்டுபவர், அதனால் சரியாகப் பார்த்துக்கொள்கிறார். ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு நான் அலுமினியத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கள் லாரிக்குப் பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு செம்புக் கோரை மட்டும் மாற்றினோம். பற்று வைப்பதைவிடப் பல மடங்கு செலவு, வண்டி இரண்டு நாள் நின்றது. பட்டறையில் நின்று ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: பழைய கோரில் குழாய் வரிசை நான்கு என்றால் புதியதிலும் நான்கே இருக்க வேண்டும். மூன்று வரிசை வைத்துக் கொடுத்தால் சமதரையில் தெரியாது, மலை ஏறும்போது தெரியும். மாட்டும்போதே இரண்டு ஹோஸையும், சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிட்டோம். இப்போது கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்த கேன் ஒன்று கேபினிலேயே இருக்கிறது. ஓட்டுநர் குறைவதை அதிலிருந்து ஊற்றி, எவ்வளவு ஊற்றினார் என்பதை டீசல் நோட்டில் எழுதுகிறார்.