பனிமலைப் பயணத்துக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வாடகைக் கடை

கோடை விடுமுறையில் இமயமலைப் பக்கம் நான்கைந்து நாள் நடந்துவிட்டு வர நினைக்கும் வடசென்னைக்காரர்கள், அதற்கான சாமான்களை ஊரின் மறுகோடியில் உள்ள பெரிய கடைகளில் முழு விலைக்கு வாங்குவார்கள்; இல்லையென்றால் மணாலியில் இறங்கியபின் கிடைத்ததை எடுத்துக்கொள்வார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடை நெரிசலைத் தாண்டியதும் வரும் குறுக்குத் தெருவொன்றின் மாடியில் இயங்கும் இந்தக் கடை, மலையேற்றச் சாமான்களை நாள் வாடகைக்குத் தருகிறது. மே மாதக் கடைசியில் பிருகு ஏரிக்குச் செல்வதற்காக எங்கள் குழு பெரும்பாலான பொருட்களை இங்கிருந்தே எடுத்தது. குறைகள் உண்டு, ஆனாலும் முதன்முறையாகப் பனியில் நடக்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இந்த மாடிப்படியை ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காரணம், கடைக்காரர் கேட்கும் கேள்விகள். எந்த மலை, எந்த வாரம், எத்தனை பேர், இதற்கு முன் பனியில் நடந்ததுண்டா என்று விசாரித்து முடிக்கும்வரை அவர் ஒரு பொருளையும் எடுத்துக் காட்டுவதில்லை. மலையேற்றத்தில் இடத்தைப் போலவே மாதமும் முக்கியம். உத்தராகண்டின் கேதார்காந்தாவில் டிசம்பர் முதல் பனியில் நடக்கலாம். மே பாதியில் அங்கே பெரும்பகுதி கரைந்து புல் தெரியத் தொடங்கிவிடும். மணாலிக்கு மேலே, 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் பிருகு ஏரியைச் சுற்றி அப்போதும் பனி கிடக்கும். ஏறத்தாழ அதே உயரத்தில் உள்ள ஹம்ப்டா கணவாய் பெரும்பாலும் ஜூனில்தான் நடக்கத் தோதாகும். கோடைத் தொடக்கப் பனி பகலில் உருகி இரவில் மீண்டும் உறைவதால், விடியற்காலையில் கண்ணாடிபோல் வழுக்கும். நடுப்பகலுக்கு மேல் இளகி முழங்கால்வரை உள்வாங்கும். உருகிய நீரால் பிற்பகலில் ஓடைகளும் பெருகிவிடும். ஆகவே இருட்டோடு புறப்பட்டு மதியத்துக்குள் கூடாரம் திரும்பும்படி திட்டமிட வேண்டும் என்பதை, வாடகைச் சீட்டு எழுதுவதற்கு முன்பே அவர் எங்களுக்கு வரைபடம் விரித்து விளக்கினார்.

பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக்கை அவர் தேர்ந்தெடுத்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. "அளவு சொல்லாதீங்க தம்பி, ஷூவைக் கொண்டு வாங்க" என்றார். கொண்டுபோன காலணியில் ரப்பர் பட்டையை இழுத்து மாட்டி, பாதத்தை வளைத்துப் பார்த்து, சங்கிலி தொய்கிறதா என்று விரலை நுழைத்துச் சோதித்தார். சங்கிலி வளையங்களில் செம்புள்ளி கண்டிருந்த ஒரு ஜோடியை அவரே ஒதுக்கி வைத்தார். உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும் இந்தப் பகுதியில் இரும்புச் சாமானைப் பராமரிப்பது எளிதன்று. கணுக்கால் வழியாகப் பனி உள்ளே புகாமல் தடுக்கும் கெய்ட்டர்களும் கிழிசலின்றி, கொக்கிகள் சரியாக இருந்தன.

ஸ்லீப்பிங் பேக்குகளைச் சுருட்டித் திணிக்காமல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நெடுநாள் அமுக்கி வைத்தால் உள்ளிருக்கும் பஞ்சு தட்டையாகிக் குளிரைத் தடுக்கும் திறன் குறைந்துவிடும் என்பதால் இதை நல்ல அடையாளமாகவே கொள்ளலாம். எனினும் இரண்டு பைகளில் வெப்பநிலைச் சீட்டு அழிந்திருந்தது. மைனஸ் பத்து வரை தாங்கும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வசதியாகத் தூங்கக்கூடிய அளவும், உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே போதுமான அளவும் வெவ்வேறு எண்கள் என்பதால், சீட்டில்லாத பையை ஏற்க நாங்கள் மறுத்தோம். மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள்.

உடை விஷயத்தில் அவருடைய அறிவுரை தெளிவானது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தி பனியில் ஆகாது. மெல்லிய செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் கதகதப்பான செயற்கை இழைச் சட்டை, வெளியே காற்றும் மழையும் புகாத மேலுறை என்று அடுக்காக அணிய வேண்டும். இறகு நிரப்பிய ஜாக்கெட் எடையில் குறைந்தது என்றாலும் நனைந்தால் பயன்படாது. மே, ஜூன் பிற்பகல்களில் மழையோ ஆலங்கட்டியோ விழக்கூடும் என்பதால் செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்டையே பரிந்துரைத்தார். அதன் வாடகையும் குறைவு என்பதைக் குறிப்பிட வேண்டும்.

காலணிகளை மட்டும் இங்கே எடுக்காதீர்கள். அலமாரியில் பார்க்கப் புதிதாகவே தெரியும் பூட்ஸ்களின் அடிப்பாகத்தில் பாலியூரித்தேன் அடுக்கு இருக்கும்; அது சென்னையின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பயன்படுத்தாமல் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, நடக்கத் தொடங்கிய பிறகு கழன்று வரும். நான் எடுத்துப் பார்த்த ஒரு ஜோடியை வளைத்தபோது ஓரத்தில் பொடி உதிர்ந்தது. பனிச்சரிவில் அடிப்பகுதி பெயர்ந்தால் அன்றைய நடை அங்கேயே நின்றுபோகும். சொந்தக் காலணி வாங்கி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தெருவிலும் மேம்பாலப் படிகளிலும் நடந்து பழக்கிக்கொள்வதே முறை.

பெண்களுக்கான அளவுகள் மிகக் குறைவு. எங்களுடன் வந்த இரு தோழியரும் ஆண்களுக்கான முதுகுப்பையையே இடுப்புப்பட்டை இறுக்கிச் சுமக்க நேர்ந்தது. தோளில் விழுந்த பாரத்தை அவர்கள் வழி நெடுகப் பொறுத்துக்கொண்டார்கள். குளிர்க்கண்ணாடியும் இங்கே கிடையாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். வடிகட்டும் திறனில்லாத வெறும் கறுப்புக் கண்ணாடியை அணிந்தால் கருவிழித் துளை விரிந்து கேடு இன்னும் கூடும். அதனால் யூ.வி. 400 குறியுள்ள, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடியைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கணக்குதான் என்னுடைய பெரிய மனக்குறை. சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் தில்லி சேர இரண்டு இரவுகள், அங்கிருந்து மணாலிக்குப் பேருந்தில் இன்னோர் இரவு என்று ஆகிவிடுவதால், நான்கு நாள் நடைக்குப் பத்து நாள் வாடகை விழுகிறது. பயண நாட்களுக்குப் பாதி வாடகை போதும் என்ற சலுகையைக் கேட்ட பிறகே தந்தார்கள். விலைப்பலகையில் அது எழுதப்படவில்லை. தயங்கிக் கேட்காமல் போகிறவர்களுக்கு இது அநியாயம். உடனே எழுதி வைக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி அவர் காட்டிய பொறுப்பை மனமாரப் பாராட்டுகிறேன். கடல் மட்டத்தில் வாழும் நமக்கு 4,200 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் இங்குள்ளதில் சுமார் 60 விழுக்காடுதான். மணாலியில் ஒரு நாளாவது தங்கி உடலைப் பழக்கச் சொன்னார். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றார். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் ஏறுவதை விட்டுக் கீழே இறங்கச் சொன்னார். உயரத்தால் வரும் உபாதைக்கான மாத்திரை பற்றிக் கேட்டபோது, மருத்துவரைப் பார்க்கும்படி சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சமையல் எரிவாயுக் குப்பியை இங்கே விற்பதில்லை. அதை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோக அனுமதி இல்லாததால் மணாலியில் வாங்கிக்கொள்வதே சரி. ஆதார் நகலும் முன்பணமும் கேட்கிறார்கள். சாமானைத் திருப்பித் தந்த அன்றே எங்கள் முன்பணம் முழுமையாகக் கைக்கு வந்தது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் நல்ல அளவுகள் தீர்ந்துவிடுவதால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே சொல்லி வைப்பது நல்லது. மாலையில் கூட்டம் அதிகம். வார நாட்களில் காலை பதினொரு மணிவாக்கில் போனால் அவர் ஒவ்வொரு பொருளையும் பொறுமையாக மாட்டிக் காட்டுவார்.