பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடி மாற்றப் போகிறீர்களா? 68,000 ரூபாய் ஏமாந்த எங்கள் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு ஜன்னலையே பாழாக்கிவிட்டார்கள். எழுதும்போதே கை நடுங்குகிறது.

மேல்மாடி முகப்பில் பர்மா தேக்கு ஜன்னல்கள். ஒவ்வொன்றின் மேலும் அரைவட்டத்தில், விசிறி மாதிரி, சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி. மழையில் கிளை முறிந்து விழுந்து ஆறு கண்ணாடி உடைந்துபோனது. பங்காளிகள் எல்லோரும் பங்கு போட்டுப் பணம் தந்தார்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலி வழியாக ஆள் பிடித்தோம்.

வந்தவன் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மிஷின் கண்ணாடி இல்ல. வாயால ஊதி, உருளையா எடுத்து, நீளவாக்குல கீறி, சூட்டுல விரிச்சது. உள்ள குமிழி தெரியுது பாருங்க" என்றான். சொன்னது அத்தனையும் உண்மை. அதில்தான் அப்பச்சி (எங்கள் அப்பா) விழுந்துவிட்டார். ஜெர்மனியில் இன்னும் அப்படி ஊதுகிறார்கள், அங்கிருந்து வரவழைக்கிறேன் என்றான். நிறம் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று உடையாமல் இருந்த நான்கையும் கழற்றினான். அப்பச்சி தன் பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்து மாட்டியது என்ன தெரியுமா? கடையில் கிடைக்கும் சாதா கண்ணாடியில் கலர் ஃபிலிம் ஒட்டியது! வெயில் பட்டதும் ஓரம் சுருண்டது, நகத்தால் இழுத்தால் உரிந்து வந்தது. பழைய கண்ணாடி மெல்லியது. இவர்கள் கொண்டுவந்தது தடிமன், சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளமான காடியில் உட்காரவில்லை. அதற்காகத் தேக்குச் சட்டத்தையே உளி வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே சிலிக்கோன் பசையை அப்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் காடியை இனி யார் திரும்பக் கொடுப்பது?

போன் செய்தால் "சார் சைட்ல இருக்காரு". அப்புறம் "லேபர் ஊருக்குப் போயிருக்கான்". அப்புறம் "இந்த ஊர் வெயிலுக்கு எந்தக் கண்ணாடியும் அப்படித்தான்". செயலிக்காரர்களோ, வேலை முடிந்ததாக ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், 68,000 திரும்பாது என்று புகாரையே மூடிவிட்டார்கள். ஃபிலிம் உரிந்தது ஓடிபி கொடுத்த பிறகுதானே? எங்கள் நான்கு கண்ணாடி எங்கே என்றால், "உடைஞ்சிருச்சு அண்ணே". சரி, உடைந்த துண்டையாவது கொடு என்றால், குப்பையில் போட்டாயிற்றாம். நான் நம்பவில்லை. இந்த வீட்டுச் சாமான்களுக்கு வெளியில் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். விற்றிருப்பான்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பழைய கண்ணாடியை வாசலைத் தாண்ட விடாதீர்கள். அட்டையில் அளவும், போட்டோவில் நிறமும் எடுத்துக்கொண்டு போகட்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி ரசீதைக் கேளுங்கள். மாட்டுவதற்கு முன் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த லப்பம்தான் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்க வைக்க வேண்டும், அதைத்தான் பின்னால் மரத்துக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியும். வேலையைப் பார்க்காமல் ஓடிபி கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லிவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. 68,000 ரூபாயை விடப்போவதில்லை. அவன் கொண்டுபோன எங்கள் நான்கு கண்ணாடியின் அடையாளம்: விசிறித் துண்டு வடிவில் நீலம் இரண்டு, சிவப்பு இரண்டு, ஒரு நீலத்தின் மூலையில் பெரிய குமிழி. யாரிடமாவது விலைக்கு வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள்.