கராத்தே வகுப்பா, பாடசாலை அணியா, சிலம்ப வாத்தியாரா?

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையை எந்தக் கராத்தே வகுப்பில் சேர்ப்பது? மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை நீளும் கரையோரத்தில் தற்காப்புக் கலை பழக ஒரு மாணவனுக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் கராத்தே வகுப்பு, பாடசாலையில் பிற்பகலில் நடக்கும் அணிப் பயிற்சி, ஊர் வாத்தியாரின் சிலம்ப முற்றம். பெரும்பாலான பெற்றோர் முதலாவதை மட்டுமே யோசிக்கிறார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்காமல் முடிவெடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம்.

எதை வைத்து ஒப்பிடுவது? சுவரில் தொங்கும் சான்றிதழ்களையும் அலுமாரியில் நிற்கும் கிண்ணங்களையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. அவை அங்குள்ள மிகத் திறமையான இரண்டு மூன்று பிள்ளைகளின் கதையை மட்டுமே சொல்லும். நான் பார்ப்பது கடைசி வரிசையை. அங்கே நிற்கும் புதிய பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார், ஓங்கிய கையை நிறுத்த எப்படிப் பழக்குகிறார் என்பதில் ஒரு வகுப்பின் தரம் முழுவதும் வெளியே வந்துவிடும்.

தனியார் கராத்தே வகுப்பிலிருந்து தொடங்குவோம். இதன் பெரிய பலம் பாடத்திட்டம். ஒகினாவாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசு அங்கோ என்ற ஆசிரியர் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே கராத்தேயை எளிமைப்படுத்தி, ஐந்து ஆரம்பக் கட்டாக்களை, அதாவது தனியாக நின்று வரிசையாகச் செய்து பழகும் அசைவுத் தொடர்களை, வகுத்தார். கராத்தேயின் ஒரு பிரிவான ஷொடோகான் வகுப்புகளில் ஹெயான் என்ற பெயரில் இன்றும் பழக்கப்படுபவை அவைதான். ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு எதை முதலில், எதைப் பின்னர் சொல்லிக் கொடுப்பது என்ற வரிசை ஏற்கனவே இருக்கிறது. நல்ல மாஸ்டர் அந்த வரிசையை அவசரப்படுத்த மாட்டார்.

அவசரப்படுத்துபவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பக்கவாட்டாகச் சுழற்றி உதைக்கும் மவாஷி கெரியைப் பழக்கும்போது அருகில் நின்று பாருங்கள். ஊன்றிய காலின் குதி உதையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். வெறும் சீமெந்துத் தரையில் வியர்த்த பாதம் ஒட்டிக்கொள்ளும். குதி திரும்பாது, இடுப்பு மட்டும் திரும்பும், இடையில் முழங்கால் முறுகும். அக்கறையுள்ள மாஸ்டர் பிள்ளையின் பக்கத்தில் குந்தியிருந்து, குதியைக் கையால் பிடித்துத் திருப்பி வைத்து, "மகன், இப்போது மெதுவாக உதை" என்பார். உயரம் போதாது என்று தூரத்தில் நின்று சத்தம் போடுபவரிடம் பிள்ளையின் முழங்காலை ஒப்படைக்க வேண்டாம்.

இந்த வகுப்புகளின் பலவீனம், பயிற்சியின் படிநிலையைக் காட்ட இடுப்பில் கட்டும் பட்டி. நிறப் பட்டிப் பரீட்சைக்குத் தனிக் கட்டணம் வாங்குவது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு பரீட்சையிலும் எல்லோரும் சித்தியடைகிறார்கள் என்றால் அது பரீட்சை அல்ல, வசூல். முந்தைய கட்டாவைத் தடுமாறாமல் செய்ய முடியாத பிள்ளைக்கு அடுத்த நிறத்தைக் கட்டிவிடுவது அந்தப் பிள்ளையை ஏமாற்றுவது. "இந்த முறை வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம்" என்று பெற்றோரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய மாஸ்டர்மார் நம்மிடையே இருக்கிறார்கள். வருமானம் குறைந்தாலும் அப்படிச் சொல்கிறவரை நான் மனதார மதிக்கிறேன். அந்த வகுப்பு எந்தச் சம்மேளனத்தோடு இணைந்தது, அது விளையாட்டுத்துறை அமைச்சில் பதிவானதா என்றும் கேளுங்கள். பிள்ளை பின்னர் தேசியப் போட்டிக்குப் போகும் வயதில் இது முக்கியமாகும்.

பாடசாலை அணிக்கு வருவோம். செலவு குறைவு, பிள்ளை தெரிந்த இடத்தில் தெரிந்த நண்பர்களோடு நிற்கிறது, அதிபரும் பொறுப்பாசிரியரும் கண்ணெதிரே இருக்கிறார்கள். வலய மட்டம், மாகாண மட்டம், பிறகு அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா என்று ஏறிச் செல்லும் பாதையும் தெளிவானது. போட்டியில் ஆசையுள்ள பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால் அந்தப் பாதையே இதன் குறையும்கூட. வலயப் போட்டி நெருங்கும்போது பயிற்சி முழுவதும் புள்ளி எடுப்பதாகச் சுருங்கிவிடுகிறது. இருவர் நேருக்கு நேர் மோதும் குமித்தேயில் ஒரு குத்துக்கு ஒரு புள்ளி, உடலில் படும் உதைக்கு இரண்டு, தலைக்கு உயரும் உதைக்கு மூன்று. வெல்லக்கூடிய நால்வர் நடுவில் நிற்க, மற்றப் பிள்ளைகள் சுவரோரம் அமர்ந்து கைதட்டுகிறார்கள். போட்டி முடிந்ததும் பயிற்சியும் நின்றுபோகிறது. ஆண்டு முழுவதும் நடக்கிறதா என்று கேட்காமல் பாடசாலை அணியை நம்பி இருக்காதீர்கள்.

எடை குறைப்பதையும் சொல்ல வேண்டும். எடைப் பிரிவில் நுழைவதற்காக வளரும் பிள்ளையிடம் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கச் சொல்லும் பயிற்றுநர், எத்தனை பதக்கம் வாங்கிக் கொடுத்தவராக இருந்தாலும், பிள்ளைகளுக்கு ஏற்றவர் அல்லர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வெயிலில் அது நேரடி ஆபத்து.

மூன்றாவது வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கோயில் திருவிழாவில் கம்பு சுழற்றுவதைப் பார்த்துக் கைதட்டுவோம். முஸ்லிம் ஊர்களில் வரவேற்பு ஊர்வலங்களில் சீனடி என்ற தற்காப்புக் கலையும் சிலம்படியும் ஆடுவதை வழியோரம் நின்று ரசிப்போம். பிள்ளையை அங்கே அனுப்பலாம் என்று மட்டும் தோன்றுவதில்லை. நல்ல வாத்தியார் முதலில் கம்பைக் கையில் கொடுக்க மாட்டார். மணல் முற்றத்தில் காலடி மட்டும்தான்: முன்வைத்து, பின்வாங்கி, திரும்பி, மறுபடி முன்வைத்து. உடல் நிமிர்ந்து பாதம் பழகிய பிறகுதான் கம்பு வரும், அதுவும் பிள்ளையின் நெற்றியளவுக்கு அளந்து வெட்டியது. கம்புக்கு நீளம் இருப்பதால் எதிரில் நிற்பவருக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதைப் பிள்ளை முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுகிறது. கராத்தேயில் அந்த உணர்வு வர மாதங்கள் ஆகும். வலக்கையும் இடக்கையும் சமமாக வேலை செய்வதால் உடலுக்கும் நல்லது. உடலோடு உடல் முட்டாத பயிற்சி என்பதால், கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் விரைவில் தயக்கம் விடுகிறார்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. கண்ணுக்கும் விரலுக்கும் கவசம் இல்லாமல் சோடியாகக் கம்பு மோதப் பழக்கும் இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அது கூடவே கூடாது. மாரி தொடங்கினால் முற்றம் சேறாகி, வகுப்பு வாரக்கணக்கில் நின்றுவிடும். வாத்தியாருக்கு வயதானால் அடுத்தவர் யார் என்ற கேள்விக்குப் பல ஊர்களில் பதில் இல்லை. இந்தக் கடைசிக் குறைக்கு, பிள்ளைகளை அனுப்பாத நாமும் ஒரு காரணம்.

இந்த மூன்றுக்கும் வெளியே, டைக்குவாண்டோவும் ஜூடோவும் நல்ல கலைகள். இரண்டும் ஒலிம்பிக்கில் நிலையாக இருக்கின்றன. கராத்தே டோக்கியோவில் ஒருமுறை இடம்பெற்று, 2024 பாரிஸில் இல்லாமல் போனது. ஆனால் எதிராளியைத் தூக்கி வீழ்த்தும் ஜூடோவுக்கு ஒழுங்கான மெத்தை வேண்டும். மெத்தை இல்லாமல் ஜூடோ பழக்குகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த வாசலைத் தாண்ட வேண்டாம். விழப் பழகுவதுதான் அந்தக் கலையின் முதல் பாடம்.

எந்த வழியானாலும் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பெற்றோர் எந்த நாளும் வந்து அமர்ந்து பார்க்க முடிய வேண்டும். பூட்டிய கதவு, தனியாக அழைத்துத் தரும் "விசேட பயிற்சி", தண்டனை என்ற பெயரில் அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளையை அன்றே நிறுத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

என் தெரிவைக் கேட்டால், பத்து வயதுக்குக் கீழே, அருகில் பொறுமையான வாத்தியார் இருந்தால் சிலம்ப முற்றம்தான் முதலில். காலடி பழகிய பிள்ளை பின்னர் எந்தக் கலைக்குப் போனாலும் நன்றாக நிற்கும். அப்படி ஒருவர் இல்லாத ஊரில், பட்டியை விற்காத கராத்தே மாஸ்டர். போட்டி வயது வந்ததும் பாடசாலை அணி. அப்போதும் பழைய மாஸ்டரை விட்டுவிடாமல் சனிக்கிழமையாவது போய்வருவது நல்லது.

சேர்க்கும் முன் மாஸ்டரிடம் இன்னுமொரு கேள்வி கேளுங்கள்: "சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் பிள்ளை நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" ரியூசன் மாலைகளை எல்லாம் விழுங்கும் அந்த ஆண்டில் பல பிள்ளைகள் நின்றுதான் போகிறார்கள். திரும்பி வரும்போது பழைய பட்டியோடு வரிசையில் நிற்கலாம், இடையில் முடிந்த நாளில் வந்து போகலாம் என்று சொல்பவரிடம் சேருங்கள்.